வழிகாட்டி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, எப்படி நடத்துவது?

கோத்தகிரி டீச்சர்:
எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். 2022-ல் அரசின் 'நான் முதல்வன்' வழிகாட்டும் திட்டம் வந்ததிலிருந்து கையேட்டுக்கும் வீடியோவுக்கும் குறைவில்லை. இப்போது மற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள் என்கிறார் ஹெச்.எம். போன முறை வெளியாள் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பெங்களூர், அமெரிக்கா என்று பேசினார், பின்வரிசையில் பாதிப் பேர் காலாண்டுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தோம் (ஆமாம், நானும்தான்). எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் தேயிலை பறிக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். என்ன செய்யலாம்?

இயற்பியல் வாத்தியார், கூடலூர்:
ஹாலில் உட்கார வைக்காதீர்கள் மேடம், வேனில் ஏற்றுங்கள். நாங்கள் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்குப் போனோம். 530 மீட்டர் நீளம், 1970-லிருந்து இயங்குகிறது, அந்தச் சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, சுமார் 11 டிகிரி, அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது, அந்த ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் நகரும் பொருளைத் தொடரலாம், அதனால்தான் அங்கே கட்டினார்கள். இத்தனை வருடம் பாடம் நடத்தும் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. அப்புறம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. டீ மேக்கர், எலக்ட்ரீசியன், ஃபிட்டர் என்று ஆளுக்கு ஒருவரைப் பிடித்து என்ன படித்தார், எவ்வளவு செலவானது, முதல் சம்பளம் என்ன என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். அதைச் செய்யாவிட்டால் பிக்னிக்தான்.

ஆபீஸ் ரூம்:
குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கிளார்க். பயிற்சிக்கு எங்களையும் கூப்பிடுங்கள் டீச்சர், யாரும் கூப்பிடுவதில்லை. மருத்துவம் மாதிரி தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நன்றாகப் படித்த ஒரு பெண்ணை எட்டாம் வகுப்பில் ஒரே வருடம் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிட்டு ஒன்பதில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார் அப்பா. டி.சி. கொடுத்தவன் நான்தான். எனக்கே அப்போது இது உறைக்கவில்லை, பிளஸ் டூ முடிந்து விண்ணப்பிக்கும்போதுதான் மாட்டிக்கொண்டாள். சாதிச் சான்றில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல், முதல் பட்டதாரி சான்று கடைசி வாரத்தில், இவையெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. ஒரு மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள், போதும்.

மஞ்சூர் அக்கா:
ஒன்பது, பத்து எடுக்கும் ஆசிரியர்களை முதலில் பிடியுங்கள். பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்த பிறகு வழிகாட்டி என்ன பயன்? உயிரியல் எடுக்காதவனிடம் நீட் பற்றிப் பேசுவதா? பத்து முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதே எங்கள் பள்ளியில் பாதி ஆசிரியர்களுக்குத் தெரியாது. ஐ.டி.ஐ. என்றாலே 'படிக்காத பையன்' என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். அதை மாற்றத்தான் பயிற்சி வேண்டும், மற்றதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது.

கோத்தகிரி டீச்சர்:
கிளார்க் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு இப்போதே எட்டாம் வகுப்பு டி.சி. லிஸ்ட்டைக் கேட்டிருக்கிறேன், மூன்று பேர் இருக்கிறார்கள். நாளைக்கே அந்தப் பெற்றோர்களிடம் பேச வேண்டும். வேன் வாடகைக்கு எங்கே கை வைத்தீர்கள் கூடலூர் சார், பெற்றோர் ஆசிரியர் கழகப் பணமா?