வயதான குதிரை நொண்டாமல் நடப்பதற்குக் காரணம் கால் அமைப்பா, குணமா?

வெள்ளகோவில் தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் 17 வயதான காத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. 11 ஆண்டுகளுக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் அப்பா அதை வாங்கினார். முன்னங்கால்கள் இரண்டும் சற்று வெளிப்புறம் திரும்பியிருந்ததால் மற்றவர்கள் கை வைக்கவில்லை, விலையும் குறைவு. இன்று வரை அது ஒரு நாளும் நொண்டியதில்லை.

பின்னர் நானே சுழி, நிறம், கழுத்து, காது எல்லாம் பார்த்து மார்வாரி இன ஆண்குதிரை ஒன்றை வாங்கினேன். ஒன்பது வயதிலேயே அது முன்னங்காலைத் தாங்கி நடக்கத் தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் ஒரே கட்டுத்தரை, ஒரே கொறங்காட்டு (வேலியிட்ட புல்வெளி) மேய்ச்சல், ஒரே லாடக்காரர். ஆண்குதிரைக்கு மட்டும் உடம்பு மினுங்க வேண்டும் என்று தவிடு கூடுதலாக வைத்தேன். பெட்டை அமைதியானது, ஆண்குதிரையோ கட்டிய இடத்தில் இரவெல்லாம் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டே இருக்கும். வரும் ஆடியில் என் மகள் ஏறிப் பழகுவதற்காக 12 வயதுக்கு மேற்பட்ட குதிரை ஒன்றை வாங்க எண்ணுகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அந்தியூர் லாடக்காரர்:
தம்பி, வணக்கம். சுழி பார்ப்பது தலைமுறை வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுழி பார்க்கும் நேரத்தில் பாதியையாவது கால் பார்ப்பதற்குக் கொடுங்கள். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. மனிதனுக்குக் கழுத்தடியில் தோளை இணைக்கும் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னுடல் முழுவதும் தசைகளின் பிடியிலேயே கால்களுக்கு நடுவே தொங்குகிறது. ஆகவே தரையிலிருந்து ஏறிவரும் அதிர்ச்சியைக் காலின் அமைப்பே வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் கணுவுக்கும் (குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டு) குளம்புக்கும் இடைப்பட்ட பகுதியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அது தரைக்கு 45 முதல் 50 பாகை வரை சாய்ந்து, குளம்பின் முன்சுவரோடு ஒரே கோட்டில் வந்தால் நல்லது. செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அடியும் நேராக எலும்பில் போய் முட்டும். தார்ச்சாலையில் ஓட்டினால் மூட்டு விரைவில் தேயும். மிக நீண்டு சாய்ந்திருந்தால் எலும்பு தப்பிக்கும், பின்புறத் தசைநாண்கள் இழுபட்டுக் கெடும். அடுத்தது முழங்கால். முன்பக்கம் சற்று வளைந்த முழங்காலைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்பக்கம் உள்வாங்கிய முழங்காலை நான் ஒருபோதும் வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் ஆண்குதிரைக்குக் கணுவின் கீழ்ப்பகுதி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. செங்குத்தாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பெட்டையின் கால் திரும்பியிருப்பதும் குறைதான். வேகமாக ஓட விட்டிருந்தால் ஒரு காலின் குளம்பு மறுகாலில் இடித்துப் புண்ணாக்கியிருக்கும். அது லேசான உடம்போடு பதறாமல் தன் நடையில் நடந்த குதிரை என்பதால்தான் அந்தக் குறை வெளியே வரவில்லை. நீங்கள் தேடுவது 12 வயதைக் கடந்த குதிரை என்பதால் இதையும் சொல்கிறேன்: வேலை செய்து அத்தனை ஆண்டுகளைக் கழித்த பின்னும் கணுவில் வீக்கமோ, எலும்பில் முடிச்சோ, தசைநாணில் சூடோ கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், சிறிய கோணலுக்காக அதை ஒதுக்க வேண்டாம். இளங்குட்டியிடம் ஊகிக்க வேண்டியதை வயதான குதிரையிடம் தொட்டே அறியலாம். கெட்டியான தரையில் நேராக நடத்தி, ஓட்டி, திருப்பிப் பாருங்கள். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
லாடக்காரர் ஐயா சொன்னவை சரியே. ஆனால் கேள்வியில் வந்த தவிட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது. கொறங்காட்டில் மிகுதியாக இருப்பது கொழுக்கட்டைப் புல். அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் அச்சத்து குதிரையின் உடம்பில் சேர்வதில்லை. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். காங்கேயம் மாடு அதே புல்லைத் தின்று உரமாக இருப்பதைக் கண்டு குதிரைக்கும் அதுவே போதும் என்று நினைப்பது தவறு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. இந்தப் புல்லும் தவிடும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கும். குதிரை கால் மாற்றி மாற்றி நொண்டும், முற்றினால் முகவெலும்பு வீங்கும். எனவே கால் அமைப்பின் மீதோ குணத்தின் மீதோ பழி போடுமுன் தவிட்டைக் குறைத்து, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் என்னும் பசுந்தீவனத்தை நாள்தோறும் கொடுங்கள். அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டி, குளம்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கோபி குதிரைக்காரி:
அண்ணா, குணத்தைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். அமைதியான குதிரை நின்று தின்னும், குளம்பு சுத்தம் செய்யக் கால் கொடுக்கும், புண்ணுக்குக் கட்டுப் போட விடும். அதனால் சிறு காயம் பெருங்காயமாக மாறுவதில்லை. ஆனால் அதே அமைதி வலியையும் மறைத்துவிடும். எங்களிடம் இருந்த குதிரை 20 வயதிலும் நொண்டவே இல்லை. வெகு நாட்களுக்குப் பின்புதான் அது படுப்பதையே நிறுத்திவிட்டது என்று கண்டுகொண்டோம். பின்னங்கால் மூட்டுத் தேய்ந்திருந்ததால், படுத்தால் எழ முடியாது என்று அஞ்சியிருக்கிறது. குதிரை நின்றபடி அரைத்தூக்கம் போடலாம், ஆழ்ந்து தூங்கப் படுத்தே ஆக வேண்டும். தூக்கம் கெட்டு, நின்ற நிலையிலேயே முழங்கால் மடிந்து விழுந்து விழுந்து முன்கணுக்களில் தழும்பு ஏறியிருந்ததை நாங்கள் கயிற்றுத் தழும்பு என்றே எண்ணியிருந்தோம். அதை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை. சந்தையில் வாங்கும்போது முன்கணுவின் முன்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். வீட்டிலும் ஆற்று மணல் பரப்பி, படுத்தெழ இடம் கொடுங்கள்.

வெள்ளகோவில் தோட்டம்:
மூவருக்கும் மிக்க நன்றி. ஆண்குதிரைக்குக் கணுவின் கீழ்ப்பகுதி லாடக்காரர் ஐயா சொன்னபடி செங்குத்தாகத்தான் இருக்கிறது. தவிட்டை நேற்றே நிறுத்த எண்ணினேன். தீவனத்தைச் சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னதால் பாதியாகக் குறைத்திருக்கிறேன். குதிரைமசாலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லி வைத்தாயிற்று. இரவு இரண்டு மணிக்கு விளக்கெடுத்துப் போய்ப் பார்த்தேன். பெட்டை மணலில் சாய்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, ஆண்குதிரை நின்றுகொண்டிருந்தது. விடிந்ததும் அதன் முன்கணுக்களைத் தடவிப் பார்த்தேன், தழும்பு இல்லை. வெள்ளிக்கிழமை மருத்துவர் வருகிறார்; அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.