தொலி உரிக்கும் கூடத்தில் சிரிப்புப் பலகை மாட்டலாமா?

கருங்கல்காரன்:
குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை, அதாவது தொலியை, உரிப்பவர்கள் அனைவரும் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. "புகார் வேண்டாம், புன்னகை போதும்" என்று பலகை எழுதி மாட்டச் சொல்கிறார் முதலாளி. மனம் மகிழ்ந்தால் வேலை கூடும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். உண்மையா?

குழித்துறை அக்கா:
கேட்டது பொய்யில்லை தம்பி. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரையில், மகிழ்ச்சியூட்டப்பட்டவர்கள் கூட்டல் கணக்குகளைச் சுமார் 12 சதவீதம் கூடுதலாகச் செய்ததாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு நகைச்சுவைக் காட்சி காட்டினார்கள், சாக்லேட்டும் பழமும் கொடுத்தார்கள். பலகை மாட்டவில்லை!

நான் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தொலி உரித்தவள். போர்மா என்னும் சூட்டறையில் சரியாகக் காயாத பருப்பில் தொலி விடாது. கத்தியால் சுரண்டினால் பருப்பு உடையும், முழுப் பருப்பின் விலை போய்விடும். இது முதலில் தெரிவது எங்கள் நகத்துக்குத்தான். பழைய மேஸ்திரியிடம் "இது காயவில்லை" என்று இருந்த இடத்திலிருந்தே கத்துவோம். தட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். அன்றெல்லாம் ஒரே கேலியும் பாட்டும்தான். பிறகு வந்தவர் "உனக்குக் கை ஓடவில்லை, பருப்பைக் குறை சொல்கிறாயா?" என்பார். யார் வாய் திறப்பார்கள்? பேசாமல் சுரண்டினோம். உடைசல் கூடியது, கூலியில் பிடித்தார்கள். கடைசியில் பாட்டும் நின்றது.

வடசேரி வாத்தியார்:
அக்கா சொல்வதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களைப் பார்த்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்லப் பயமில்லை என்பதே காரணம் என்றார் அவர். இன்னொன்று: ஒரு குறை சொன்னால் மூன்று பாராட்டு வேண்டும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். 2005இல் வந்த அந்தக் கணிதம் தவறு என்று 2013இல் காட்டிவிட்டார்கள்.

கருங்கல்காரன்:
பலகைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, ஐயா. அக்கா, காலையில் போர்மாக்காரரையும் உரிப்பவர்களையும் ஐந்து நிமிடம் சேர்ந்து பேச வைத்தால்?

குழித்துறை அக்கா:
வையுங்கள். கிலோக் கூலிக்காரிக்கு ஐந்து நிமிடமும் காசுதான். அதற்கும் கூலி போடச் சொல்லுங்கள். உடைசலைத் தினமும் எழுதி வைத்து, மாதக் கடைசியில் முதலாளியிடம் காட்டுங்கள். பலகையில் "புகார் வேண்டாம்" என்ற பாதியை மட்டுமாவது அழித்துவிடுங்கள்.