பாயிண்டில் நின்றுவிடும் நான்கு சக்கர ‘பக்’ இன்ஜின்: என்ன செய்யலாம்?

குறுந்தடம் (கேள்வி):

வணக்கம். இங்கிலாந்தின் லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வே துறைமுகப் பாதைகளுக்காகக் கட்டிய ‘பக்’ எனும் நான்கு சக்கர நீராவி ஷன்டிங் (பெட்டிகளை இடம் மாற்றும்) இன்ஜினின், மின்சாரத்தில் ஓடும் ஓ.ஓ. அளவு (அசலின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர்) மாதிரி ஒன்றைப் பழைய பொருளாக வாங்கியிருக்கிறேன். உருவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொதிகலன்மீது கவிந்திருக்கும் தண்ணீர்த் தொட்டியின் வளைவும் குட்டையான ஓட்டுநர் அறையும் நன்றாகவே அமைந்துள்ளன. நேர்ப்பாதையில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் மெதுவாக ஓட்டும்போது பாயிண்டின் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) நடுவில் தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃப்ராக் என்ற பகுதி மேல் ஏறியதும் நின்றுவிடுகிறது. விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி புறப்படுகிறது. வேகம் கூட்டினால் நிற்பதில்லை என்றாலும், சரக்குப் பெட்டிகளைத் தள்ள வேண்டிய இன்ஜின் எக்ஸ்பிரஸ் போலப் பாய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தண்டவாளத்தைத் துடைத்துப் பார்த்தாயிற்று, பயனில்லை. பின்னால் ஒரு சிறு வண்டியை நிரந்தரமாகக் கோத்து, அதன் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்று எண்ணுகிறேன். உண்மையான ரயில்வேயில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததா?

கரிப்புகை (பதில்):

தங்கள் சிக்கலின் வேர் அசல் இன்ஜினிலேயே இருக்கிறது. அந்த ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளர் ஜான் ஆஸ்பினாலின் வடிவமைப்பில், 1891 முதல் 1910 வரை, ஹோர்விச் பணிமனையில் இந்த வகையில் 57 இன்ஜின்கள் கட்டப்பட்டன. லிவர்பூல், கூல், ஃப்ளீட்வுட் போன்ற துறைமுகங்களில் கிடங்குகளுக்கு இடையே செல்லும் பாதைகள் மிகக் கூர்மையாக வளைந்தவை என்பதால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 அடி 9 அங்குலம் மட்டுமே விட்டார்கள். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற ஓ.ஓ. கணக்கில் அது 23 மில்லிமீட்டர். அளவு பிசகாத மாதிரி என்றால் இந்த இடைவெளியும் அப்படியே வந்துதான் தீரும்.

மாதிரி இன்ஜின் தண்டவாளத்திலிருந்து சக்கரங்கள் வழியாகவே மின்சாரம் பெறுகிறது. ஃப்ராக் பிளாஸ்டிக்காக இருந்தால், அதன்மேல் நிற்கும் சக்கரத்துக்கு மின்சாரம் கிடைக்காது. அந்தப் பக்கத்தில் மிஞ்சும் ஒரே சக்கரம்தான் முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். அந்த நேரத்தில் அதில் அழுக்குப் படிந்திருந்தாலோ, பாதை சற்றே மேடு பள்ளமாக இருந்து அது தாளின் கனம் அளவுக்குத் தூக்கி நின்றாலோ, இன்ஜின் நின்றுவிடும். வளைந்து கொடுக்காத நான்கு சக்கரச் சட்டம் பல நேரங்களில் மூன்று சக்கரங்களில்தான் நிற்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வேகமாகப் போகும்போது உந்தம் அந்த இடைவெளியைக் கடத்திவிடுகிறது, அவ்வளவே.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினைப் பஞ்சு மெத்தையில் தலைகீழாக வைத்து, கன்ட்ரோலரின் இரு கம்பிகளில் ஒன்றை இடப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் மற்றொன்றை வலப்பக்கச் சக்கரம் ஒன்றிலும் தொட்டுப் பாருங்கள். முன் ஜோடி, பின் ஜோடி, குறுக்கு ஜோடிகள் இரண்டு என நான்கு வகையிலும் மோட்டார் சுழல வேண்டும். குறிப்பிட்ட ஒரு சக்கரம் சேரும்போதெல்லாம் மோட்டார் திணறினால், அதன் பின்புறம் உரசி மின்சாரம் எடுக்கும் மெல்லிய பித்தளைத் தகடுதான் குற்றவாளி. சக்கர விளிம்பில் கறுப்பாகப் படிந்திருப்பதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகச் சேரும்.

குறுந்தடம்:

மிக்க நன்றி ஐயா. சோதித்ததில் பின் அச்சின் வலப்பக்கச் சக்கரம் சேர்ந்தாலே மோட்டார் அசையவில்லை. தகடு உள்நோக்கி வளைந்து, சக்கரத்தைத் தொடாமலேயே இருந்தது. சாமணத்தால் மெல்ல நிமிர்த்தியபின் பெரும்பாலான பாயிண்டுகளை நடை வேகத்தில் கடக்கிறது. கிடங்குக்குள் திரும்பும் ஒரு பாயிண்டில் மட்டும் இன்னும் தயங்குகிறது. தொட்டிக்குள் ஈயத் தகடு வைத்து எடையைக் கூட்டினால் சரியாகுமா? வண்டி கோப்பதைப் பற்றியும் கூறுங்கள்.

ஷன்டர் (பதில்):

எடை நிச்சயம் உதவும். ஆனால் அது இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். பின்னால் கூடிவிட்டால் முன் சக்கரங்கள் இலேசாகிப் பழைய கதையே திரும்பும். ஈயத்தை வெள்ளைப் பி.வி.ஏ. பசையால் ஒட்டாதீர்கள். நாளடைவில் இரண்டும் வினைபுரிந்து வீங்கி, தொட்டியின் பிளாஸ்டிக்கையே பிளந்துவிடும். எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். தயங்கும் அந்த ஒரு பாயிண்டை மட்டும் உலோக ஃப்ராக் உள்ளதாக மாற்றி, பாயிண்ட் திரும்பும்போது ஃப்ராக்கின் துருவமும் மாறும்படி ஒரு மைக்ரோ சுவிட்ச் பொருத்தினால் தொல்லை அடியோடு தீரும்.

வண்டியைப் பொறுத்தவரை, தாங்கள் கேட்டது ஸ்காட்லாந்தில் உண்மையாகவே இருந்த வழக்கம். நார்த் பிரிட்டிஷ் ரயில்வே 1882 முதல் 1899 வரை பெற்ற, பின்னாளில் ஒய்9 எனப்பட்ட 38 சிறு இன்ஜின்களில் கரி வைக்க இடம் மிகக் குறைவு. ஆகவே அவற்றில் பலவற்றின் பின்னால் மரத்தாலான நான்கு சக்கரக் கரி வண்டி நிரந்தரமாகக் கோக்கப்பட்டிருந்தது. லங்காஷயர் இன்ஜின்கள் பொதுவாக அப்படி ஓடவில்லை. வரலாறு பிசகக் கூடாதென்றால் நிரந்தர இணைப்பை விட்டுவிட்டு, சாதாரணச் சரக்குப் பெட்டி ஒன்றிலேயே தகடுகளைப் பொருத்தி, மெல்லிய கம்பியும் கழற்றக்கூடிய சிறு பிளக்கும் கொண்டு இணைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் டி.சி.சி. எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறினால், மின்சாரம் நொடிப்பொழுது விட்டுப்போகும்போது ஈடுகட்டும், தொட்டிக்குள் அடங்காத மின்தேக்கியையும் அந்தப் பெட்டியிலேயே வைக்கலாம். மேலே கரி நிரப்பிவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது.

குறுந்தடம்:

சரக்குப் பெட்டி யோசனையே பிடித்திருக்கிறது. முதலில் அந்தப் பாயிண்டை மாற்றிவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் பெட்டியில் கை வைக்கிறேன்.