சிங்கப்பூர் சோதனை அறிக்கையை அமெரிக்கச் சான்றளிப்பு அமைப்பு ஏற்கவில்லை: ஏபெக் ஏற்பாடு எங்களுக்குப் பொருந்தாதா?

கேள்வி

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு சிறு நிறுவனத்தில் வன்பொருள் வடிவமைப்பைக் கவனித்து வருகிறேன். குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையை அளந்து லோரா (குறைந்த மின்சக்தியில் நெடுந்தொலைவுக்குத் தரவு அனுப்பும் வானொலி நுட்பம்) வழியாக அனுப்பும் சென்சார்தான் எங்கள் தயாரிப்பு. அது 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், 125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள எட்டுச் சேனல்களில் இயங்குகிறது. இங்குள்ள ஆய்வகம் ஒன்று சோதித்துத் தந்த அறிக்கையைக் கொண்டு ஐஎம்டிஏ (சிங்கப்பூரின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) பதிவும் முடித்துவிட்டோம்.

இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்க வாய்ப்பு வந்திருக்கிறது. தொலைத்தொடர்புக் கருவிகளின் சோதனையையும் சான்றையும் பரஸ்பரம் ஏற்பதற்கான ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) ஏற்பாட்டில் இந்த மூன்று நாடுகளும் இருப்பதால், கையில் இருந்த அறிக்கையையே எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சான்றுக்காக ஒரு சான்றளிப்பு அமைப்புக்கு அனுப்பினோம். அது எஃப்சிசி விதிகளின் 15-ஆம் பகுதிப்படி எடுக்கப்பட்ட அறிக்கையல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் இருந்தும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றால் அதனால் என்ன பயன்? எங்கே பிசகு என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (ஆய்வகப் பொறியாளர்)

வணக்கம். அவர்கள் திருப்பி அனுப்பியது முறையானதுதான். ஏபெக் ஏற்பாடு ஒரு நாட்டின் தொழில்நுட்ப விதியை இன்னொரு நாட்டின் விதிக்குச் சமமாக்குவதில்லை. இறக்குமதி செய்யும் நாட்டின் விதிகளின்படி சோதிக்கும் திறமை ஏற்றுமதி நாட்டின் ஆய்வகத்துக்கு உண்டு என்பதை இறக்குமதி நாடு ஒப்புக்கொள்கிறது; அவ்வளவுதான். அதாவது சிங்கப்பூரில் இருந்தபடியே அமெரிக்க விதிப்படி சோதித்துக்கொள்ளலாம், கருவியை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. சிங்கப்பூர் விதிப்படி எடுத்த அறிக்கை அமெரிக்காவில் செல்லும் என்று அந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை.

1998-இல் உருவான இந்த ஏற்பாட்டில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டத்தில் ஆய்வகங்களின் சோதனை அறிக்கைகளும், இரண்டாம் கட்டத்தில் சான்றளிப்பு அமைப்புகள் வழங்கும் சான்றுகளும் ஏற்கப்படுகின்றன. ஏபெக் உறுப்பினர் என்பதாலேயே இவை தாமாக நடைமுறைக்கு வருவதில்லை. எந்த நாட்டுடன் எந்தக் கட்டத்தில் இணைவது என்பதை இரண்டிரண்டு நாடுகளாகப் பேசி முடிவுசெய்துகொள்கின்றன. சிங்கப்பூர் அமெரிக்காவுடனும் கனடாவுடனும் இரண்டு கட்டங்களிலும் இணைந்திருப்பது உங்களுக்குச் சாதகம். சிங்கப்பூரிலுள்ள சான்றளிப்பு அமைப்பே எஃப்சிசி சான்றை வழங்க இது வழி செய்கிறது.

ஆய்வகம் இதற்குள் வரும் வழி இது. சோதனை ஆய்வகங்களின் திறமைக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலைப்படி சிங்கப்பூர் அங்கீகார மன்றம் அதன் திறமையை மதிப்பிடுகிறது. அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் எஃப்சிசி சோதனை முறைகள் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பிறகு ஐஎம்டிஏ அந்த ஆய்வகத்தை நியமித்து அமெரிக்கத் தரப்புக்குத் தெரிவிக்க, எஃப்சிசி அதை ஏற்றுத் தன் பட்டியலில் சேர்க்கிறது. ஆகவே உங்கள் ஆய்வகத்திடம் முதலில் கேட்க வேண்டியது, எஃப்சிசி ஏற்புக்கான அடையாள எண் அவர்களுக்கு உண்டா, அது இன்றைய தேதியில் செல்லுபடியாகுமா என்பதே. பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணை எஃப்சிசியின் இணையப் பட்டியலில் நீங்களே சரிபார்த்துவிடுங்கள். வெளிநாட்டு எதிரி நாடுகள் என்று அமெரிக்கா வகைப்படுத்தியுள்ள நாடுகளின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள ஆய்வகங்களை ஏற்பதில்லை என்று 2025 மே மாதம் எஃப்சிசி ஆணை பிறப்பித்த பிறகு, இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. எங்கள் ஆய்வகம் எஃப்சிசி பட்டியலில் இருக்கிறது, எண்ணைச் சரிபார்த்துவிட்டேன். அப்படியானால் அளவீடுகள் அப்படியே இருக்க, அறிக்கையின் வடிவத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாமா? வெளியீட்டுத் திறன் அமெரிக்க வரம்பான 1 வாட்டுக்கு வெகுவாகக் கீழேதான் இருக்கிறது.

பதில் (ஆய்வகப் பொறியாளர்)

அப்படிச் செய்ய முடியாது. உங்கள் கருவியே இப்போதுள்ள நிலையில் அமெரிக்க விதியில் தேறாது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வகைக் கருவிகளுக்கான அலைவரிசை 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை, விதி 15.247. டிஜிட்டல் பண்பேற்றம் என்ற பிரிவில் சான்று பெற வேண்டுமானால் சிக்னலின் 6 டெசிபல் அகலம் (உச்சத்திலிருந்து வலிமை 6 டெசிபல் குறையும் இரு புள்ளிகளுக்கு இடையிலான அகலம்) குறைந்தது 500 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். உங்களுடையது 125 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது, ஒரே சேனலில் நில்லாமல் மாறி மாறி அனுப்பும் சேனல் தாவும் பிரிவு. சேனலின் அகலம் 250 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைவாக இருந்தால் குறைந்தது 50 சேனல்களில் தாவ வேண்டும். எந்த 20 விநாடியிலும் ஒரு சேனலில் 0.4 விநாடிக்கு மேல் தங்கக் கூடாது. எட்டுச் சேனல்களில் மட்டும் தாவும் கருவிக்கு இது சரிவராது. லோராவான் (லோரா கருவிகளுக்கான வலையமைப்பு நெறிமுறை) அமைப்பு அமெரிக்காவுக்கென்று 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 64 சேனல்களை வகுத்திருப்பதற்கு இந்த விதியே காரணம். ஃபர்ம்வேரை (கருவிக்குள் இயங்கும் மென்பொருளை) அந்தத் திட்டத்துக்கு மாற்றிய பிறகே சோதனைக்குப் போங்கள்.

அடுத்து மூன்றாம் ஹார்மோனிக், அதாவது அனுப்பும் அலைவரிசையின் மும்மடங்கில் தோன்றும் தேவையற்ற சிக்னல். 915 மெகாஹெர்ட்ஸின் மும்மடங்கு 2745 மெகாஹெர்ட்ஸ். அது 2690 முதல் 2900 வரையிலான தடைசெய்யப்பட்ட பட்டையில் விழுகிறது. அங்கே 3 மீட்டர் தொலைவில் சராசரிப் புலவலிமை மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. வெளியீட்டுத் திறனில் எளிதாகத் தேறிய கருவிகள் இந்த இடத்தில் தவறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆன்டெனாவுக்கு முன்னால் உள்ள வடிகட்டியை இப்போதே அளந்து பாருங்கள். அளவீடு பத்தாம் ஹார்மோனிக் வரை போகும்.

கனடாவுக்கு ஆர்எஸ்எஸ்-247 என்ற தரநிலை. இதன் சோதனைகள் பெரும்பாலும் 15.247-ஐ ஒட்டியே இருப்பதால், இரண்டு நாடுகளும் ஏற்ற ஆய்வகமாக இருந்தால் ஒரே முறை அளந்து இரண்டு அறிக்கைகள் பெற்றுக்கொள்ளலாம். நீங்கள் கேட்டீர்களே, ஒப்பந்தத்தால் என்ன பயன் என்று. சிறு நிறுவனத்துக்கு உண்மையான மிச்சம் இங்கேதான் கிடைக்கிறது.

இடையில் ஒரு கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து)

இதையொட்டி ஒரு சந்தேகம். எங்கள் ஆய்வகம் என்ஏபிஎல் (இந்தியாவின் ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றது. அறிக்கையில் ஐலாக் (பன்னாட்டு ஆய்வக அங்கீகாரக் கூட்டமைப்பு) முத்திரையும் இருக்கிறது. ஐலாக் உடன்பாட்டில் அமெரிக்க அங்கீகார அமைப்புகளும் கையெழுத்திட்டிருப்பதால், 15-ஆம் பகுதிப்படி இங்கேயே சோதித்து அனுப்பினால் எஃப்சிசிக்குப் போதுமா?

பதில் (சான்றளிப்புத் துறையில் இருப்பவர்)

போதாது. 2000-இல் கையெழுத்தான ஐலாக் உடன்பாடு அங்கீகார அமைப்புகள் தங்களுக்குள் செய்துகொண்டது. என்ஏபிஎல் மதிப்பிட்ட ஆய்வகத்தின் திறமையை மற்ற அங்கீகார அமைப்புகள் நம்பலாம் என்பதே அதன் பொருள்; அது எந்த அரசின் ஒழுங்குமுறை அமைப்பையும் கட்டுப்படுத்தாது. விரும்பும் அரசுகள் அதைத் தங்கள் விதிகளில் பயன்படுத்திக்கொள்கின்றன. ஏபெக் ஏற்பாடும், 1998-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க–ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தமும் அரசுகளுக்கிடையிலானவை என்பதால் அவற்றின் பலம் வேறு. இந்தியா ஏபெக் உறுப்பினர் அல்ல. இத்தகைய ஒப்பந்தம் இல்லாத நாட்டின் ஆய்வகமானால், எஃப்சிசி ஏற்றுக்கொண்ட அங்கீகார அமைப்பு ஒன்றே அதை நேரடியாக மதிப்பிட்டிருக்க வேண்டும். அப்படி அமெரிக்க அங்கீகாரம் பெற்று எஃப்சிசி பட்டியலில் இடம்பிடித்த ஆய்வகங்கள் இந்தியாவிலும் உண்டு. அவற்றில் ஒன்றை அணுகுவதே உங்களுக்கு நேரான வழி.

கேட்டவர்

சேனல் திட்டத்தை மாற்ற ஃபர்ம்வேர் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானுக்கும் அனுப்பும் எண்ணம் இருக்கிறது. அதற்கும் இதே அறிக்கை உதவுமா? ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் வேறு எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

பதில் (ஆய்வகப் பொறியாளர்)

ஜப்பானுக்கு உதவாது. சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் இடையே 2002-இல் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் தொலைத்தொடர்பு முனையக் கருவிகளுக்கும் வானொலிக் கருவிகளுக்கும் பரஸ்பர அங்கீகாரப் பிரிவு உண்டு. ஆனால் சோதனை ஜப்பானிய வானொலிச் சட்டப்படி நடக்க வேண்டும். 920 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், அனுப்புவதற்கு முன் சேனல் காலியாக இருக்கிறதா என்று கருவி கேட்டறிய வேண்டிய நிபந்தனையும் அங்கே உண்டு. ஃபர்ம்வேரில் கை வைக்கும் இந்த நேரத்திலேயே அதற்கும் இடம் விட்டுவிடுங்கள்.

சோதனைக்கு இரண்டு மாதிரிகள் வேண்டும். ஒன்று ஆன்டெனாவுடன் விற்பனைக்கு வரும் நிலையில் இருக்கட்டும். மற்றதில் ஆன்டெனாவுக்குப் பதிலாக அளவீட்டுக் கேபிள் பொருத்தும் இணைப்பான் இருக்க வேண்டும். தாவலை நிறுத்தி, அலைவரிசையின் அடியிலும் நடுவிலும் உச்சியிலும் உள்ள சேனல்களில் தொடர்ச்சியாக அனுப்பும் சோதனை ஃபர்ம்வேரையும், தாவலுடன் இயங்கும் வழக்கமான ஃபர்ம்வேரையும் தனித்தனியே தயார் செய்யுங்கள். இவை இல்லாமல் வந்து, முன்பதிவு செய்த சோதனை அறையை வீணாக்கித் திரும்புவோர் அதிகம். கூடவே, எஃப்சிசி விண்ணப்பத்தில் சட்ட அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள அமெரிக்காவில் ஒரு முகவரைக் குறிப்பிடுவது 2023 முதல் கட்டாயம். கனடாவுக்கும் அந்நாட்டுப் பிரதிநிதி ஒருவர் வேண்டும். இந்த இரண்டு பேரையும் ஏற்பாடு செய்வதற்குச் சில நேரங்களில் சோதனையைவிட அதிக நாள் பிடிக்கும் என்பதால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.