புதுப்பிப்பு: பிரான்ஸ் கிராமங்களில் மோட்டார்ஹோம் – தண்ணீர் பிடிப்பது

படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ள மோட்டார்ஹோம் வண்டியில், கேம்ப்சைட் போகாமல், ஊர்களில் அத்தகைய வண்டிகளுக்கென உள்ள 'ஏர்' நிறுத்தங்களிலேயே இருவர் நிதானமாகச் சுற்றலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். தண்ணீருக்கு என்ன வழி என்று நிறையப் பேர் கேட்டீர்கள்.

குழாய் அளவு ஊருக்கு ஊர் மாறும்; அரை, முக்கால் அங்குல அடாப்டர் இரண்டும் வேண்டும். தண்ணீர் தரும் சில இயந்திரங்கள் காசை ஏற்காது, 'ஜெத்தோன்' என்ற வில்லையைத்தான் ஏற்கும். அதைச் சுற்றுலா அலுவலகத்திலோ பக்கத்து ரொட்டிக் கடையிலோ பகலிலேயே வாங்கிவிடுங்கள். ஹோஸை மாட்டிய பிறகே வில்லையைப் போடுங்கள். சிலவற்றில் உடனே தண்ணீர் ஓடத் தொடங்கி, நேரம் முடிந்ததும் நின்றுவிடும்.

கழிப்பறை கேசட்டை (கழிவு சேரும், கழற்றி எடுக்கும் பெட்டி) அலசும் குழாயில் குடிநீர் பிடிக்கவே கூடாது. கேசட்டின் வாய் அதில் பட்டிருக்கும். குளிர்காலத்தில் உறைபனிக்குப் பயந்து பல ஊர்களில் குழாயை மூடிவிடுவார்கள், தொட்டி பாதியானதுமே நிரப்புங்கள்.

தண்ணீர் தவிர இன்னொன்று: வண்டி 3.5 டன்னுக்கு மேல் என்றால் இரு பக்கமும் பின்னாலும் 'ஆங்கில் மோர்' (ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத பகுதி பற்றிய எச்சரிக்கை) ஸ்டிக்கர் 2021 முதல் கட்டாயம்.