கிராக் சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

எட்டு_கம்ப்யூட்டர்:
சின்ன டிசைன் ஆபீஸ். விண்டோஸ் தொடங்கி போட்டோஷாப் வரை எல்லாமே முன்பு இருந்த பையன் போட்டுக் கொடுத்த கிராக்தான் (லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு), மூன்று வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது பெரிய கிளையன்ட் ஒருவர் ‘லைசென்ஸ் உள்ள மென்பொருள்தான் பயன்படுத்துகிறோம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்கிறார். போட்டுவிடலாமா? யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பழைய_கீபோர்டு:
அது அப்புறம். அந்த கிராக்கோடு வந்த ரீட்மீ என்ற குறிப்பு ஃபைலைத் திறந்து பாருங்கள், ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்று இருக்கும். திருடனுக்கு நாமே தாழ்ப்பாளை நீக்கிவிடுகிறோம். எங்கள் ஆபீஸில் ஒரு கீஜென் (திருட்டு லைசென்ஸ் எண் உருவாக்கும் புரோகிராம்) ஓட்டினோம், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஃபைல் பெயர்களுக்கெல்லாம் வால் முளைத்திருக்கிறது, ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு சீட்டு. ஸ்டாப் என்கிற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம்), கிராக் வழியாகவே அதிகம் பரவுகிற ரகம். பேக்கப் இருந்தது, ஆனால் அந்த டிஸ்க்கைக் கழற்றாமல் செருகியே வைத்திருந்தோம். அதுவும் போச்சு.

லைசென்ஸ்_அக்கா:
யார் பார்ப்பார்களா? போட்டுக் கொடுத்த அந்தப் பையனே போதும். வேலையை விட்டுப் போனவர்கள் கொடுக்கும் புகார்தான் பல இடங்களில் தொடக்கம், பிஎஸ்ஏ மாதிரி மென்பொருள் நிறுவனங்களின் அமைப்புகள் இணையத்திலேயே புகார் வாங்குகின்றன. பொய்யாக எழுதிக் கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கலோடு ஒப்பந்த மீறலும் சேரும்.

கோடு_போடுபவன்:
கிளையன்ட் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2015-இல் சீனாவில் நிறைய டெவலப்பர்கள் ஐபோன் ஆப் செய்யும் கருவியான எக்ஸ்கோடை ஆப்பிள் தளத்தில் இறக்க நேரமாகிறது என்று வேறு இடத்தில் இறக்கினார்கள் (இத்தனைக்கும் அது இலவசம்!). அதில் ஒளிந்திருந்த எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற கெட்ட நிரல் அவர்கள் செய்த ஆப்களுக்குள்ளும் போய் உட்கார்ந்தது, வாட்ஸ்அப் மாதிரியான வீசாட் உட்பட. உங்களுக்கு வந்தது உங்களோடு நிற்காது சார்.

எட்டு பேருக்கும் போட்டோஷாப் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் போதும், லோகோ வேலைக்கு இங்க்ஸ்கேப். அன்இன்ஸ்டால் மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ஃபார்மட் அடித்து முறையான விண்டோஸ் போடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான மெஷினில் இருந்து மாற்றுங்கள்.

எட்டு_கம்ப்யூட்டர்:
இப்போதுதான் ஆன்டிவைரஸ் செட்டிங்ஸைத் திறந்தேன். ஸ்கேன் செய்ய வேண்டாம் என்ற பட்டியலில் சி டிரைவ் முழுவதும் இருக்கிறது, ஐந்து மெஷினில். கையெழுத்துக்கு இரண்டு வாரம் அவகாசம் கேட்டு மெயில் போட்டுவிட்டேன், என் போனில் இருந்து.