ஃபிஜிக்கு மிதந்து போன இகுவானா

மாமா: ஃபிஜி தீவு உடும்பு அமெரிக்காவுலேந்து மரத்துல தொத்திகிட்டு மிதந்தே போச்சாம், படம் பாருங்க. இப்படியெல்லாம் ஃபார்வர்டு போடுறவனுக்கு வேற வேலையே இல்ல

கயல்: மாமா அது உடும்பு இல்ல இகுவானா, ஓணானுக்கு தூரத்து சொந்தம். ஆனா மேட்டர் நிஜம்தான், 2025ல ஆராய்ச்சி கட்டுரையே வந்துச்சு

அத்தை: எவ்ளோ தூரம்டி

கயல்: 8000 கிலோமீட்டருக்கு மேல

மாமா: அவ்ளோ தூரம் தீனி தண்ணி இல்லாமயா

கயல்: அதான் சுவாரஸ்யம். 200க்கும் மேல இகுவானா, ஓணான் கூட்டத்து மியூசியம் சாம்பிள எடுத்து 4000க்கும் மேல ஜீன ஒப்பிட்டு பாத்தா, ஃபிஜிக்காரனுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் வட அமெரிக்க பாலைவன இகுவானா. பட்டினி, வெயில் ரெண்டும் தாங்குற வம்சம். அதுவும் இலை தின்கிற ஜாதி, ஏறின மரத்துல பச்சை இருந்தா அதுவே சாப்பாடு

அண்ணன்: அண்டார்டிகா ஆஸ்திரேலியா வழியா தரையிலயே போயிருக்கலாம்ல?

கயல்: முன்னாடி சில பேரு அப்படித்தான் சொன்னாங்கண்ணா. ஆனா ரெண்டு இகுவானாவும் பிரிஞ்சே சுமார் 3.4 கோடி வருஷம்தான் ஆவுதுன்னு டிஎன்ஏ சொல்லுது, ஃபிஜி எரிமலைத் தீவுங்க கடல்லேந்து தலை தூக்கினதும் ஏறக்குறைய அப்பதான். நிலம் வந்ததும் குடி வந்துருச்சு

மாமா: டிஎன்ஏல தேதி போட்டா வச்சிருக்கு

கயல்: 😂 இல்ல மாமா. டிஎன்ஏ தலைமுறை தலைமுறையா காப்பி ஆகும்போது அங்கங்க எழுத்துப்பிழை விழும்ல, பிரிஞ்சு போன ரெண்டு கிளையில எத்தனை பிழை வித்தியாசம்னு எண்ணுவாங்க, பிழை சேர்ற வேகத்தை வயசு தெரிஞ்ச ஃபாசில வச்சு சரி பண்ணிக்குவாங்க. குத்துமதிப்புதான், ஆனா சும்மா அடிச்சு விடுறது இல்ல

அத்தை: மிதந்து வந்ததை யாராச்சும் கண்ணால பாத்தாங்களா

கயல்: இதை எப்படி அத்தை பாக்கறது! ஆனா 1995ல கரீபியன்ல புயலுக்கப்புறம் அங்குயிலா தீவு கரையில வேரோட சாஞ்ச மரக்குவியல் ஒதுங்குச்சு, மேல குறைஞ்சது 15 பச்சை இகுவானா. அதுக்கு முன்னாடி அந்த இனமே அங்க கிடையாது

அத்தை: ஒன்னே ஒன்னு வந்தா வம்சம் எப்படி வளரும்

கயல்: வயித்துல முட்டையோட ஒரு பொட்டை வந்தா போதும்

அண்ணன்: பாலைவனத்துது மணல் கலர், ஃபிஜியோடது கிளிப்பச்சை, பாத்தா சொந்தம்னே சொல்ல முடியாது

மாமா: சரி சரி, உடும்புன்னு போட்டத மட்டும் டிலீட் பண்றேன்